பொதுச் சாவி, தனிச் சாவி: யாருடையதை யார், எப்போது பயன்படுத்துவது?

கேட்கப்பட்டது இது: “பொதுச் சாவியால் பூட்டியதைத் தனிச் சாவியால் திறக்கலாம், தனிச் சாவியால் பூட்டியதைப் பொதுச் சாவியால் திறக்கலாம் என்று படித்தேன். அப்படியானால் எது எதற்கு? ஒருவருக்குக் கோப்பு அனுப்பும்போது என் சாவியா, அவர் சாவியா? தனிச் சாவி தொலைந்துபோனால் என்ன செய்வது?”

இங்கே சாவி என்பது, கணினியில் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டவும் திரும்பத் திறக்கவும் பயன்படும் எண்; பொதுச் சாவி, தனிச் சாவி இரண்டும் சேர்ந்தது ஒரு ஜோடி. நீங்கள் படித்த அந்த வரியை முதலில் ஒதுக்கி வையுங்கள். பாதி உண்மைதான். ஆனால் அதை மனப்பாடம் செய்தவர்கள்தான் பிறகு அதிகமாகக் குழம்புகிறார்கள். சாவி யாருடையது, காரியத்தைச் செய்வது யார் என்ற இரண்டு விவரமும் அதில் இல்லை. அவை இல்லாமல் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். சுற்றுவட்டாரத்துச் செம்பனைத் தோட்ட அலுவலகங்களுக்கும் டவுனில் உள்ள கடைகளுக்கும் சம்பளம், கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில், எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்த பிள்ளைகளுக்குக் கணினிப் பாடமும் எடுக்கிறேன். சாவி ஜோடியை அங்கே பலமுறை விளக்கியிருக்கிறேன், யார் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்று தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு ஜோடி முழுவதும் ஒரே ஆளுக்குச் சொந்தம். பொதுச் சாவி ஒன்று எனக்கு, தனிச் சாவி ஒன்று உங்களுக்கு என்று பிரித்துக்கொள்வதில்லை. உங்களுக்கு ஒரு ஜோடி, எனக்கு ஒரு ஜோடி. உங்கள் பொதுச் சாவி ஊர் முழுக்கச் சுற்றலாம்; தனிச் சாவி உங்கள் கருவியை விட்டு வெளியே போகக்கூடாது. இனி எந்தக் காரியம் வந்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதை யார் வேண்டுமானாலும் செய்யலாமா, இல்லை ஒருவர் மட்டும்தான் செய்ய முடியவேண்டுமா? யாரும் செய்யலாம் என்றால் அங்கே பொதுச் சாவி. ஒருவர் மட்டும் என்றால் அந்த ஒருவரின் தனிச் சாவி.

ஜொகூர் பாருவில் இருக்கும் மீனா, இங்கே தோட்டத்தில் இருக்கும் தன் மாமாவுக்கு நிலப்பட்டாவின் பிரதியை ரகசியமாக அனுப்பவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாமாவுக்கு ரகசியமாக எழுதுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆகவே பூட்டுவதற்கு மாமாவின் பொதுச் சாவி. அதைத் திறந்து படிப்பது மாமா மட்டும்தான். ஆகவே அவருடைய தனிச் சாவி. மீனாவின் ஜோடிக்கு இதில் வேலையே கிடையாது. “அனுப்புவது மீனாதானே, அவள் சாவியால்தானே பூட்டவேண்டும்?” என்று வகுப்பில் எப்போதும் யாராவது கேட்பார்கள். அவள் தன் தனிச் சாவியால் பூட்டினால் அவளுடைய பொதுச் சாவி வைத்திருக்கும் எல்லாரும் படித்துவிடலாமே, அதில் என்ன ரகசியம்? மாமாவின் பொதுச் சாவியால் பூட்டிய பிறகு அதை மீனாவாலேயே திறக்க முடியாது என்பதையும் கவனியுங்கள். தன்னிடம் ஒரு பிரதி வேண்டுமென்றால் தன் பொதுச் சாவியாலும் தனியாக ஒன்று பூட்டி வைத்துக்கொள்ளவேண்டும்.

சாவியால் போடும் டிஜிட்டல் கையொப்பத்தில் இது அப்படியே திரும்பிவிடும். மாமா ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பொருளாளர். ஆண்டுக் கணக்கை உறுப்பினர்களுக்கு அனுப்புகிறார். கணக்கில் ரகசியம் எதுவும் இல்லை, எல்லாரும் படிக்கவேண்டியதுதான். ஆனால் அது மாமா அனுப்பிய கணக்குதான், வழியில் யாரும் கைவைக்கவில்லை என்று தெரியவேண்டும். மாமாவின் கையொப்பத்தை மாமா மட்டும்தான் போட முடியவேண்டும்: தனிச் சாவி. சரிபார்ப்பது யாராகவும் இருக்கலாம்: அவருடைய பொதுச் சாவி. இடையில் யாராவது 5,000 வெள்ளியை (ரிங்கிட்) 6,000 என்று திருத்தினால் சரிபார்ப்பு தோற்றுப்போகும்.

இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால், அதாவது கடிதம் ரகசியமாகவும் இருக்கவேண்டும், எழுதியது மீனாதான் என்று மாமாவுக்கு உறுதியாகவும் தெரியவேண்டும் என்றால், நான்கு சாவியும் வேலை செய்யும். மீனா தன் தனிச் சாவியால் கையொப்பமிட்டு, மாமாவின் பொதுச் சாவியால் பூட்டுவாள். மாமா தன் தனிச் சாவியால் திறந்து, மீனாவின் பொதுச் சாவியால் சரிபார்ப்பார். இதில் பலர் கவனிக்காத ஓர் ஓட்டை உண்டு. கடிதத்தைத் திறந்த மாமா, மீனாவின் கையொப்பத்தோடு இருக்கும் அதே உள்ளடக்கத்தை வேறொருவரின் பொதுச் சாவியால் பூட்டி அவருக்கு அனுப்பினால், மீனாவே அவருக்கு எழுதியது போல இருக்கும். “நான் சம்மதிக்கிறேன்” என்று மட்டும் எழுதிய கடிதமாக இருந்தால் விவகாரம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் கையொப்பமிடும் கடிதத்துக்குள்ளேயே யாருக்கு, எந்தத் தேதியில், எதைப் பற்றி என்று எழுதிவிடவேண்டும்.

சரி, உள்ளே நடக்கும் கணக்கு. சின்ன எண்களில் ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்தால் நம்பிக்கை வரும். மாமா 3, 11 என்ற இரண்டு பகா எண்களை எடுத்துப் பெருக்குகிறார்: 33. இரண்டிலும் ஒன்று குறைத்துப் பெருக்கினால் 2 × 10 = 20. இப்போது, தம்முள் பெருக்கி 20ஆல் வகுத்தால் மீதி 1 வருகிற இரண்டு எண்கள் வேண்டும். 3, 7 சரியாக வரும், பெருக்கினால் 21. மாமா ஊருக்குச் சொல்வது 33, 3 என்ற இரண்டு எண்கள். தன்னிடம் வைத்துக்கொள்வது 7. மீனா அனுப்பவேண்டிய எண் 4 என்றால், அதன் மூன்றாம் அடுக்கு 64. 33ஆல் வகுத்தால் மீதி 31. அவள் அனுப்புவது 31. மாமா 31இன் ஏழாம் அடுக்கை 33ஆல் வகுத்து மீதி பார்க்கிறார். 31 என்பது 33க்கு 2 குறைவு, அதனால் -2 என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சுலபம்: ஏழாம் அடுக்கு -128, அதோடு 132ஐக் கூட்டினால் 4. செய்தி வந்துவிட்டது. அதே ஜோடியில் கையொப்பமும் போடலாம். 4இன் ஏழாம் அடுக்கு 16,384. 33ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16தான் 4 என்ற செய்திக்கு மாமாவின் கையொப்பம். சரிபார்ப்பவர் 16இன் மூன்றாம் அடுக்கு 4,096ஐ 33ஆல் வகுப்பார், மீதி 4. செய்தியோடு பொருந்துகிறது.

இது ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன் என்ற மூவர் 1977இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த ஆர்எஸ்ஏ முறை. 33 என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட 3, 11 என்று பிரித்து, அங்கிருந்து 7ஐக் கண்டுபிடித்துவிடும். உண்மையில் பயன்படுத்துவது 2,048 பிட் எண், ஏறக்குறைய 617 இலக்கம். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது ஒரு நொடி வேலை. பெருக்கி வந்ததைத் திரும்பப் பிரிப்பதோ, வடித்த பாலை மறுபடி ரப்பர் மரத்துக்குள் ஏற்றப் பார்ப்பது மாதிரி. 1977இலேயே 129 இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, பிரிப்பவருக்கு 100 டாலர் என்று சவால் விட்டார்கள். 1994இல்தான், ஏறத்தாழ 600 தன்னார்வலர்கள் இணையம் வழியே தங்கள் கணினிகளைச் சேர்த்து அதைப் பிரித்தார்கள். 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண், அதாவது 829 பிட், பிரிக்கப்பட்டது. கணினிச் செயலியின் ஒரே ஒரு கருவில் (core) ஓட்டியிருந்தால் சுமார் 2,700 ஆண்டு பிடித்திருக்கும் வேலை அது. சாவியின் நீளம் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வரலாற்றில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அது மிகவும் பிடிக்கும். சாவி ஜோடி என்ற எண்ணத்தை உலகுக்கு முதலில் அச்சில் சொன்னவர்கள் டிஃபி, ஹெல்மன், ஆண்டு 1976. ஆனால் பிரிட்டனின் உளவுத்துறை அமைப்பான ஜிசிஎச்கியூவில் ஜேம்ஸ் எல்லிஸ் 1970இலேயே இந்த எண்ணத்துக்கு வந்திருந்தார். ஆர்எஸ்ஏ போன்ற முறையை கிளிஃபர்ட் காக்ஸ் 1973இல் கண்டுபிடித்துவிட்டார். 1997 வரை அதை வெளியே சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. எல்லிஸ் அந்த ஆண்டு நவம்பரில் காலமானார். விஷயம் வெளிவந்தது டிசம்பரில்.

மேலே நான் போட்டுக் காட்டியது பாடக் கணக்கு. அதையே அப்படியே நிரலில் எழுதி ஓட்டிவிடாதீர்கள். 4க்கு எப்போது பூட்டினாலும் 31தான் வருகிறது என்பதில் ஆபத்து இருக்கிறது. செய்தி “ஆம்” அல்லது “இல்லை” என்று மட்டுமே இருக்க முடியும் என்று எனக்குத் தெரிந்தால், மாமாவின் பொதுச் சாவியால் இரண்டையும் நானே பூட்டிப் பார்த்து, மீனா அனுப்பியது எதோடு பொருந்துகிறது என்று கண்டுபிடித்துவிடுவேன். தனிச் சாவியே தேவையில்லை. இதைத் தடுக்கத்தான் பூட்டும் முன் செய்தியோடு தற்செயல் எண்களைக் கலக்கும் முறைகள் வந்தன. ஆயத்தமாகக் கிடைக்கும் நல்ல நிரல் தொகுப்பு (library) அதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் படித்த வரியில் பாதி உண்மை என்று சொன்னதற்கும் இங்கே காரணம் கிடைக்கிறது. “தனிச் சாவியால் பூட்டுவதே கையொப்பம்” என்பது ஆர்எஸ்ஏவின் பாடக் கணக்கில் மட்டும்தான் அப்படித் தெரிகிறது, ஏனென்றால் இரண்டுமே அடுக்குக் கணக்கு. எட்25519 போன்ற இன்றைய கையொப்ப முறைகளில் பூட்டுதல், திறத்தல் என்ற செயலே கிடையாது. கையொப்பமிடலாம், சரிபார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே சாவி ஜோடியால் ஆகிற காரியங்களை மூன்றாக நினைத்துக்கொள்வது நல்லது: ரகசியமாக அனுப்புவது, கையொப்பமிடுவது, இரண்டு பேர் சேர்ந்து, தங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்வது.

மூன்றாவதுதான் நீங்கள் தினமும் அதிகம் பயன்படுத்துவது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். ஏன் தேவைப்பட்டது? சாவி ஜோடிக் கணக்கு மெதுவானது, கொள்ளளவும் குறைவு. 2,048 பிட் ஆர்எஸ்ஏவில் பாதுகாப்பாக ஒருமுறை அடைக்கக்கூடியது இருநூறு பைட்டுக்குச் சற்று முன்பின். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால், இரண்டு வரிச் செய்திக்கே இடம் முடிந்துபோகும். அதனால் படத்தையோ கோப்பையோ சாவி ஜோடியால் யாரும் பூட்டுவதில்லை. பூட்டவும் திறக்கவும் ஒரே சாவியைப் பயன்படுத்தும், ஏஇஎஸ் போன்ற வேகமான ஒற்றைச் சாவி முறையால் பூட்டிவிட்டு, அந்தச் சின்ன ஒற்றைச் சாவியை மட்டும் மாமாவின் பொதுச் சாவியால் பூட்டி அனுப்புவார்கள். அல்லது டிஃபி-ஹெல்மன் முறையில், இருவரும் பொதுச் சாவிகளை மாற்றிக்கொண்டு, ஒவ்வொருவரும் தன் தனிச் சாவியையும் எதிராளியின் பொதுச் சாவியையும் கலந்து ஒரே விடைக்கு வருவார்கள். அந்த விடை கம்பியில் போவதே இல்லை.

வங்கித் தளத்தைத் திறக்கும்போது நடப்பது இதுதான். இணைய இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 2018இல் வந்த 1.3 பதிப்பில், ஒவ்வொரு இணைப்புக்கும் இரு தரப்பும் புதிதாக ஒரு தற்காலிக ஜோடியை உண்டாக்கிப் பயன்படுத்திவிட்டு அழித்துவிடும். வங்கியின் நிரந்தரத் தனிச் சாவிக்கு மிஞ்சியிருக்கும் வேலை கையொப்பம் மட்டும்: “நான்தான் அந்த வங்கி” என்று. அதனால் நாளைக்கு யாராவது வங்கியின் தனிச் சாவியைத் திருடினாலும் நேற்றுவரை பதிவு செய்து வைத்திருந்த பேச்சைத் திறக்க முடியாது. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, சேவையகங்களின் நினைவகத்திலிருந்து தனிச் சாவியையே கசியவிட்டபோது இந்த ஏற்பாட்டின் அருமை எல்லாருக்கும் தெரிந்தது.

நம் ஊரில் எல்லாரும் வைத்திருக்கும் புலனம், அதாவது வாட்ஸ்அப், நல்ல எடுத்துக்காட்டு. செயலியை நிறுவும்போதே உங்கள் கைப்பேசிக்குள் சாவி ஜோடிகள் உருவாகின்றன. பொதுச் சாவிகள் மட்டும் சேவையகத்துக்குப் போகும். தொடர்பின் விவரப் பக்கத்தில் 60 இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது உங்கள் பொதுச் சாவியையும் எதிராளியின் பொதுச் சாவியையும் சுருக்கிச் சேர்த்தது. அம்மாவின் கைப்பேசியில் தெரிவதும் உங்களுடையதில் தெரிவதும் ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் தன் சாவியை நுழைக்கவில்லை. “பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது” என்ற அறிவிப்பு வந்தால் எதிர்முனையில் புதிய ஜோடி பிறந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அவர் புதுக் கைப்பேசி வாங்கியிருப்பார். ஆனால் அந்த அறிவிப்பை அடுத்து உடனே “அவசரமாகப் பணம் வேண்டும்” என்று செய்தி வந்தால், கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். அமைப்புகளில் அந்த அறிவிப்பை முடுக்கி வைக்க என் மாணவர்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்கு பலமாகத்தான் இருக்கிறது. கையில் இருக்கும் பொதுச் சாவி மாமாவுடையதுதானா என்று மீனாவுக்கு எப்படித் தெரியும்? வேறொருவன் தன் பொதுச் சாவியை “இது உங்கள் மாமாவுடையது” என்று கொடுத்துவிட்டால், கணக்கெல்லாம் சரியாக நடக்கும். கடிதம் அவன் கையில் திறக்கும். இதற்காகத்தான் சான்றிதழ் நிறுவனங்கள். “இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது” என்று தம் தனிச் சாவியால் கையொப்பமிட்டுத் தருவது அவர்கள் வேலை.

அந்த வேலை சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் உண்டு. 2011 நவம்பரில், மலேசியச் சான்றிதழ் நிறுவனம் ஒன்று வெறும் 512 பிட் சாவிகளுக்கு 22 சான்றிதழ்கள் வழங்கியிருந்தது தெரியவந்து, ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவும் மைக்ரோசாஃப்டும் அந்த நிறுவனத்தின் மீதான நம்பிக்கையையே நீக்கின. 512 பிட் எண்ணைப் பிரிக்க முடியும் என்று 1999லேயே செய்து காட்டியாகிவிட்டது. அதே மாதத்தில், வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டியின் தளத்துக்குரிய சான்றிதழால் கையொப்பமிடப்பட்ட தீநிரல் ஒன்றை எஃப்-செக்யூர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்து வெளியிட்டது. சாவி ஏற்கெனவே திருடு போயிருந்தது. அந்த நிரலை ஓட்டிய கணினிக்கு அது நம்பகமான அரசு அமைப்பின் கையொப்பமாகவே தெரிந்திருக்கும்.

மலேசியாவில் டிஜிட்டல் கையொப்பச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டு 1998 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தனிச் சாவி அதை முறையாக வைத்திருப்பவரின் சொந்தச் சொத்து என்றும், அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க அவர் தக்க கவனம் எடுக்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. இதை எல்லாருக்கும் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை. ஏனென்றால் தோட்டப்புறத்தில் வளர்ந்த நாம் படிவம் நிரப்புவதையும் கையெழுத்து வாங்குவதையும் கிராணியிடம், அதாவது தோட்ட அலுவலக எழுத்தரிடம், விட்டுப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் இப்போது கடைக்காரரிடம் போயிருக்கிறது. வருமான வரி இ-ஃபைலிங் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். கடைசியில் வருகிற ‘கையொப்பமிட்டு அனுப்பு’ பொத்தானை அந்தக் கடவுச்சொல் வைத்திருக்கும் யாரும் அழுத்தலாம். உதவி கேளுங்கள், தப்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள்.

அதே போல, “உங்களுக்குச் சாவி ஜோடி நானே செய்து அனுப்புகிறேன்” என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜோடி பிறக்கவேண்டிய இடம் உங்கள் கருவி. சான்றிதழ் வாங்கும்போதுகூட நீங்கள் அனுப்பவேண்டியது பொதுச் சாவியைத்தான். மின்னஞ்சலில் வந்த தனிச் சாவி உங்களுடையதா, அனுப்பியவருடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் உங்கள் கடைசிக் கேள்வி, தொலைந்தால் என்ன? எந்த வேலைக்கான ஜோடி என்பதைப் பொறுத்தது. கையொப்பத்துக்கான தனிச் சாவி அழிந்துபோனால் பெரிய நஷ்டமில்லை. புதிய ஜோடி செய்து, புதிய பொதுச் சாவியை அறிவித்துவிடலாம். பழைய கையொப்பங்களைப் பழைய பொதுச் சாவியால் இன்னும் சரிபார்க்கலாம். ஆகவே அதற்கு நகல் எடுக்காமல் இருப்பதே நல்லது. நகல் இருந்தால் “நான் போடவில்லை, நகலை வைத்திருந்தவர் போட்டது” என்ற வழக்குக்கு இடம் கொடுக்கும். பூட்டியதைத் திறக்கும் தனிச் சாவி தொலைந்தால் கதை வேறு. அதன் ஜோடிப் பொதுச் சாவியால் பூட்டிய எல்லாமே போயிற்று, எந்த நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. அதற்கு நகல் கட்டாயம் வேண்டும், கடவுச்சொல் போட்டு, இணையத்தில் இல்லாத இடத்தில். இப்படி இரண்டுக்கும் தேவை எதிரெதிராக இருப்பதால்தான் ஒரே ஜோடியை இரண்டு வேலைக்கும் பயன்படுத்தக்கூடாது என்கிறார்கள்.

தொலையவில்லை, திருடு போனது என்று சந்தேகம் இருந்தாலே காத்திருக்காதீர்கள். சான்றிதழ் கொடுத்தவரிடம் அன்றே சொல்லி ரத்து செய்யுங்கள், அந்தப் பொதுச் சாவியை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியப்படுத்துங்கள். சேவையகங்களில் உள்நுழைய அதைப் பதிந்திருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் நீக்குங்கள். எங்கெங்கே பதிந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் அந்த நாளில் அது மிகவும் உதவும்.